பாதியில் நிற்கும் அடி

கொழுந்தியாள் பின்னறையில் குழந்தையின் முதுகைத் தடவிப் பாடிக்கொண்டிருந்தாள். முன்னறைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் மனைவி. வண்டி வருவதற்குள் குழந்தையைத் தூங்க வைத்துவிட வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்திருந்தார்கள்.

"முழிச்சுக் கேட்டா, அம்மா தூங்குறான்னு சொல்லிருங்க மாப்ள." மாமனார் சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

அவன் பின்னறைக் கதவருகே போய் நின்றான். அவன் மனைவி தானாக இட்டுக்கட்டிய தாலாட்டு.

கட்டிலும் தூங்குது, தொட்டிலும் தூங்குது
சட்டையும் தூங்குது, பட்டனும் தூங்குது
குட்டியும் தூங்குது

தமிழ் இலக்கியம் படித்த அவன் மூளை, பிடித்துக்கொள்ள வேறொன்றும் அகப்படாமல் சீர் பிரித்தது. அத்தனை சீரும் கூவிளம். அடிக்கு நாலு சீர். 'ட்' வைத்த எதுகை வரிசையாக விழுந்தது. 'தூங்குது' திரும்பத் திரும்ப வந்து கண்ணைச் சொக்க வைத்தது. கடைசி அடி மட்டும் பாதியில் நின்றுவிடும்.

"ரெண்டு சீர் குறையுதே" என்று அவளிடம் ஒருநாள் கேட்டிருக்கிறான்.

"அவ தூங்கினப்புறம் யாருக்குப் பாடணும்? உங்க இலக்கணத்துக்கா?"

கொழுந்தியாளுக்கு அங்கே நிறுத்தத் தெரியவில்லை. மெட்டு இழுத்துக்கொண்டு போனது. "அம்மாவும் தூங்குது" என்று பாடிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

குழந்தை எழுந்து உட்கார்ந்தது. "தப்பு சித்தி."

"என்னடி தப்பு?"

"அங்க ஒண்ணும் வராது. அம்மா பாட்டுல வர மாட்டா. அம்மாதான பாடுறவ!"

அவன் அதையும் சீர் பிரித்தான். அம்மாவும்: கூவிளம் இல்லை, தேமாங்காய். எதுகையும் இல்லை. அவன் பிரித்துப் பார்த்துக் கண்டதை, எழுத்துக்கூட்டவே தெரியாத நாலு வயதுக் காது கேட்டுவிட்டிருந்தது. அவன் காணாததையும்.

"நீங்களே சொல்லிருங்க மாமா." கொழுந்தியாள் எழுந்து வழிவிட்டாள்.

அவன் பாயில் உட்கார்ந்தான். "அம்மா தூங்கலடா குட்டி. செத்துப் போயிட்டா. இனிமே வர மாட்டா."

குழந்தை அவன் முகத்தையே பார்த்தது. "பாடவும் மாட்டாளா?"

"மாட்டா."

வாசலில் வண்டி வந்து நின்றது. யாரோ செருப்பைத் தேடினார்கள்.

"அப்ப நீ பாடு." குழந்தை படுத்து, அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

பாடினான். மெட்டு சரியாக வரவில்லை. சீருக்கு ஒன்றாக ஒரு சின்ன விரல் அவன் மணிக்கட்டில் தட்டிக்கொண்டே வந்தது. 'குட்டியும் தூங்குது' என்று முடித்து நிறுத்தினான்.

விரல் இன்னும் இரண்டு முறை தட்டிவிட்டு ஓய்ந்தது.