ஒரு சொட்டுத் தண்ணீர்

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் இஸ்திரி. வெள்ளைக் கோட்டை மடிப்புக் கலையாமல் அலமாரியில் தொங்கவிட்டிருப்பார். வெளியாள் வந்தால் மட்டும்தான் அது உடம்பில் ஏறும். ஏறிவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. பாதிச் சோதனையை வாயாலேயே முடித்துவிடுவார்.

அன்றைக்கு வந்தவர் பெயிண்ட் கம்பெனி மேனேஜர். கம்பெனிக்குப் பின்தெருக் கிணற்றில் எண்ணெய்க் கழிவு இறங்கியிருக்கிறது என்று புகார். எங்கள் ரிப்போர்ட் வரும்வரை அந்தத் தெருவுக்குக் கம்பெனி லாரியில் தண்ணீர் தர வேண்டும். 'எண்ணெய் இல்லை' என்று நாங்கள் எழுதிவிட்டால் மறுநாளே லாரி நின்றுவிடும், எல்லோரும் கிணற்றுக்கே திரும்ப வேண்டியதுதான். அந்தத் தெருவில் மூன்றாவது வீடு என் அக்காவுடையது, குடிவந்து இரண்டு வருஷம்.

நாங்கள் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்த மறுநாளே கம்பெனி ஆட்கள் ஓடோடி வந்து கிணற்றை இறைத்துக் கழுவிவிட்டார்கள். அவ்வளவு அக்கறை. ஆக, மிச்சமிருந்த ஒரே சாட்சி என் மேசைமேல் இருந்த அந்தக் கால் லிட்டர் பாட்டில்தான்.

"நீ தள்ளும்மா, சாருக்கு நானே செஞ்சு காட்டறேன்" என்றார் இஸ்திரி.

வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. கண்ணாடிப் புனலில் தண்ணீரை ஊற்றி, அதே அளவு கரைப்பானையும் ஊற்றி, மூடிக் குலுக்க வேண்டும். தண்ணீரில் இருக்கும் எண்ணெய் கரைப்பானுக்குத் தாவிவிடும். நிற்க வைத்தால் இரண்டும் இரண்டு அடுக்காகப் பிரியும். அடியில் உள்ள திருகைத் திறந்து கீழடுக்கைத் தனியாக இறக்கலாம். எது தண்ணீர், எது கரைப்பான் என்று தெரிந்தால் போதும்.

அவர் கையால் வேலை செய்த காலத்தில் கரைப்பானாக ஹெக்ஸேன் ஊற்றுவோம். அது தண்ணீர்மேல் மிதக்கும். ஆறு மாதத்துக்கு முன்னால் குளோரோஃபார்முக்கு மாறினோம். அது தண்ணீரைவிடக் கனம். அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாற்றுவதற்கான தாளில் கையெழுத்துப் போட்டவர் சாட்சாத் இவரேதான். படித்துப் பார்க்கிற பழக்கம் இருந்தால்தானே!

பாட்டில் தண்ணீர் முழுவதையும் புனலில் கவிழ்த்து, மேசைமேல் நான் வைத்திருந்த கரைப்பானையும் ஊற்றிக் குலுக்கினார். இடையிடையே திருகைத் திறந்து காற்றை விட மறந்ததால் மூடி டப்பென்று எகிறியது. "இது இப்படித்தான் சத்தம் போடும்" என்று மேனேஜரைப் பார்த்துச் சிரித்தார். அறையெல்லாம் தித்திப்பான நெடி.

கொஞ்ச நேரத்தில் பிரிந்தது. மேலே பளிச்சென்று தெளிவு. கீழே பழுப்பு.

"பாத்தீங்களா? மேல நிக்குதே, அதுதான் எண்ணெய இழுத்துட்டு வர்ற திரவம். கண்ணாடி மாதிரி இருக்கு, ஒண்ணுமே இல்ல. கீழ கிடக்கறது கிணத்துத் தண்ணி, மண்ணு கலங்கியிருக்கு." கீழடுக்கை பீக்கரில் இறக்கி என்னிடம் நீட்டினார். "இந்த அழுக்கக் கொட்டிட்டு, 'இல்லை'ன்னு ரிப்போர்ட் அடிச்சுடும்மா."

மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது.

எனக்கு முதலில் கோபம் வரவில்லை, குஷிதான் வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கோட்டுக்கு 'சரிங்க சார்' போட்டவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? பீக்கரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"சார், புனல்ல ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாத்துடலாமா?"

"எதுக்கு?"

"புனல்ல இருக்கறது கரைப்பான்னா சொட்டு ஒட்டாது, மணியா உருண்டு அடிக்குப் போயிடும். தண்ணின்னா கலந்துடும்."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

"பாடமெல்லாம் இல்ல சார். ஒரு சொட்டுதான்."

"விட்டுத்தான் பாக்கட்டுமே" என்றார் மேனேஜர், தாராளமாக. பாவம், தனக்கே குழி வெட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

குழாய்த் தண்ணீரை ஒரு சொட்டு விட்டேன். விழுந்த இடம் தெரியவில்லை. இன்னொன்று விட்டேன். அதுவும் போன இடம் தெரியவில்லை. அடியில் ஒரு மணிகூட இல்லை. ஆக, புனலில் நின்றதுதான் தண்ணீர்; எண்ணெயை இழுத்த கரைப்பான் என் கை பீக்கரில். மேனேஜர் சட்டென்று செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

இஸ்திரி தொண்டையைச் செருமினார். "நீ கவனிக்கறியான்னு பாக்கத்தான் அப்படிச் செஞ்சேன்."

"நல்லாவே கவனிச்சேன் சார்."

"அந்த பீக்கர்ல முன்னாடியே ஏதாவது ஒட்டியிருந்திருக்கலாமே?" என்றார் மேனேஜர்.

"என் பீக்கர் சார். நான் கழுவினது" என்றேன்.

பழுப்புத் திரவத்தை, எடைபார்த்து வைத்திருந்த குடுவையில் ஊற்றி, ஆவியை வெளியே இழுத்துவிடும் கண்ணாடிக் கூண்டுக்குள் வெந்நீர்த் தொட்டிமேல் வைத்தேன். குளோரோஃபார்ம் ஆவியாகிப் போயிற்று. அடியில் பிசினாக ஒன்று படிந்து நின்றது. மறுபடி எடை போட்டேன். இருக்கலாம் என்று விதி சொல்கிற அளவுபோல நாற்பது மடங்கு.

ரிப்போர்ட்டில் 'என் நேரடி மேற்பார்வையில் கண்டறியப்பட்டது' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிவிட்டுத்தான் இஸ்திரி கையெழுத்துப் போட்டார். போகட்டும். கோட்டைக் கழற்றி மாட்டும்போது காலர் மடங்கியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், சொல்லவில்லை.

அந்தச் சந்தோஷம் தாங்காமல் அக்காவுக்குப் போன் போட்டேன். கூத்து முழுவதையும் ஒன்று விடாமல் நடித்தே காட்டினேன். மூடி எகிறியது, மேனேஜர் முழித்தது எல்லாம். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நாப்பது மடங்குக்கா! மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னே தெரியல அவருக்கு. இனி லாரி நிக்காது."

"அப்பாடா" என்றாள். சிரிப்பு மெல்ல அடங்கியது. "ஏய்... அப்ப ரெண்டு வருஷமா நாங்க குடிச்சது? சின்னவளுக்குக் கரைச்சுக் குடுத்த பால்மாவு?"

குடுவை என் கையில்தான் இருந்தது. சாய்த்துப் பார்த்தேன். பழுப்பு அடியை விட்டு அசையவில்லை. இது நிறைய வரவேண்டும் என்றுதான் தராசு முன்னால் நின்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"லைன்ல இருக்கியாடி?" என்றாள் அக்கா.