நிரந்தரப் பணியில் ஒரு வலது கை

ஒப்பந்தம் முடிந்த வெள்ளிக்கிழமை மாலை, தெரபிஸ்ட்டின் வலது கை அவளோடு புறப்பட மறுத்துவிட்டது. மணிக்கட்டில் கழன்றுகொண்டு, பக்கவாதத்தில் விழுந்த பூட்டுக்காரரின் விரல்களைப் பிடித்தபடி மருத்துவமனையின் பயிற்சி மேசையிலேயே தங்கிவிட்டது. இரத்தம் வரவில்லை, வலிக்கவும் இல்லை. அவளுடைய மணிக்கட்டு, தேய்ந்த சோப்புக்கட்டியைப் போல வழவழவென்று முடிந்திருந்தது. பூட்டுக்காரரின் மகள் போட்ட அலறலில் அடுத்த அறை நர்ஸ் ஊசியைத் தலையணையில் குத்தினாள். ஓடிவந்த எலும்பு டாக்டர் பேயறைந்தவர் போல நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்து, மறுபடியும் துடைத்தார். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்களே, அறையில் இருந்த அத்தனை பேரும் அப்படித்தான் நின்றார்கள். ஓடியது அந்த ஒரு கை மட்டும்தான். அது பூட்டுக்காரரின் கட்டைவிரலை மடக்கி, சாவியைத் திருப்பச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

அவள் ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். நோயில் விழுந்தவர்களுக்குப் பொத்தான் போடவும், கரண்டி பிடிக்கவும், தலை சீவவும் மறுபடி பழக்கிவிடுகிற வேலை. வாசலில் ‘தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவு’ என்று பலகை தொங்குவதால், மகனுக்கு வேலை கேட்டுச் சான்றிதழ்களோடு வருகிறவர்களும் உண்டு. ஆள் பற்றாத மருத்துவமனைக்கு ஏஜென்சி அவளை அனுப்பும். பதின்மூன்று வாரம் ஆனதும் அடுத்த ஊர். நிரந்தர ஊழியர் வாங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கிடைக்கும், தங்குமிடம் இலவசம். ‘கை நிறையச் சம்பளம்’ என்று ஏஜென்சிக்காரர் சொன்னது பொய்யில்லை. சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பதவி உயர்வு என்பது ஒரே இடத்தில் இருப்பவர்களுக்குத்தான். அவளோ எத்தனை வருடம் ஆனாலும் போகிற இடத்திலெல்லாம் புதுசு. அலமாரிச் சாவியைக்கூட யாரும் அவளிடம் கொடுத்ததில்லை.

இந்தத் தொழிலில் நோயாளியின் கைமேல் தன் கையை வைத்துத்தான் தொடங்குவார்கள். பிறகு கையிலிருந்து மணிக்கட்டுக்கு, மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு, அப்புறம் ஒற்றை விரல், அப்புறம் ஒன்றும் இல்லை. எப்போது எடுக்க வேண்டும் என்று தெரிவதுதான் படிப்பு. அதனால் ‘கையை விடமாட்டேன்’ என்று மட்டும் நோயாளியிடம் சொல்லக்கூடாது. ஒப்பந்தத்தில் வந்தவர்கள் சொல்லவே கூடாது. ஆனால் பூட்டுக்காரர், ஊரில் பாதி வீட்டைத் திறந்துவிட்ட மனுஷன், முதல் வாரத்தில் சாவியைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தை போல அழுதார். “பயப்படாதீங்கய்யா, நான் கைய விடமாட்டேன்” என்று அவள் வாயில் வந்துவிட்டது. சொன்னதை அவள் அன்று மாலையே மறந்துபோனாள். கை மறக்கவில்லை.

ஏஜென்சிக்காரருக்குப் போன் போட்டபோது அவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் கொஞ்ச நேரத்திலேயே தேறிவிட்டார். “ஒப்பந்தத்துல தெரபிஸ்ட்னுதாம்மா இருக்கு, எத்தன கைன்னு இல்ல. திங்கக்கெழம புது எடத்துல சேர்ந்துடுங்க, ஒரு கை பாத்துடலாம்” என்றார். பேசி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அந்த மாதம் கேட்காமலே சம்பளத்தை உயர்த்திப் போட்டார். வீட்டில் அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக், கதவைத் திறந்ததும் முழுக்கைச் சட்டையின் காலி முனையைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பலமுறை லிஃப்ட் குழிக்குள் தொங்கியவர். அன்றுதான் அவருக்குத் தலை சுற்றியது.

“வலிக்குதா?”

“இல்லீங்க.”

“அப்ப எப்ப வரும்?”

“அந்தய்யாவுக்குச் சரியானதும் வந்துடும்” என்றாள். அவளும் அதைத்தான் நம்பினாள்.

பூட்டுக்காரர் அடுத்த மாதமே தன் கடைப் பூட்டைத் தானே திறந்தார். கை அவரை விட்டது; ஆனால் வீடு திரும்பாமல், தீக்காயம் பட்ட ஒரு சமையல்காரரைப் பிடித்துக்கொண்டது. நிர்வாகம் வேறு வழியில்லாமல் அதை நிரந்தரப் பணியில் சேர்த்தது. கணக்குப் பிரிவில் பெரிய அமளி. ஒரு கைக்குப் பாதிச் சம்பளம்தான் என்று கணக்கர் பிடிவாதம் பிடித்தார். ஒரு நாள் முழுக்கப் பயிற்சி அறையில் உட்கார்ந்து அது வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் முழுச் சம்பளம் எழுதினார். முதல் தேதியன்று பணத்தை அதன் உள்ளங்கையில் வைப்பார்கள். கை நிறையச் சம்பளம் என்பதை அந்த ஊழியர்கள் அங்கேதான் கண்ணால் பார்த்தார்கள். கை அதை அப்படியே மணியார்டர் படிவத்தோடு அவளுக்கு அனுப்பிவிடும். முதல் தடவை தன் கையெழுத்திலேயே தன் விலாசத்தைக் கண்டபோது அவள் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வருடங்கள் போயின. அவள் ஒரு கையால் பொத்தான் போட்டாள், பல் துலக்கினாள், சப்பாத்திக்கு மாவு பிசைந்தாள். எல்லாம் அவளே பிறருக்குச் சொல்லிக்கொடுத்ததுதான், ஆனாலும் முதல் மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். ஒற்றைக்கைத் தெரபிஸ்ட் சொன்னால் நோயாளிகள் கேட்டார்கள். அதனால் அவளுடைய மதிப்பு ஏறி, ஏஜென்சியிலேயே மிக அதிகச் சம்பளம் அவளுக்குத்தான் என்றானது. இடது கைக்கு எழுத்தெல்லாம் வந்தது, அவளுடைய கையெழுத்து மட்டும் வரவில்லை. ஒப்பந்தங்களில் பெருவிரல் ரேகை வைத்தாள். ஊருக்கு ஊர் பெட்டியைக் கட்டினாள், பெயரைக் காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டினாள், போகும்போது கிழித்தாள். யாரிடமும் ‘விடமாட்டேன்’ என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகள் அவளுடைய பெட்டியைப் பார்ப்பார்கள், அவள் கடிகாரத்தைப் பார்ப்பாள்.

அப்போதுதான் ஒரு மணியார்டர் படிவத்தில் அந்தச் செய்தி வந்தது. கை துறைத் தலைவராகிவிட்டது. அவள் படித்துவிட்டு ஆடிப்போனாள். இரண்டு கையோடு இருந்தபோது கிடைக்காத பதவி, அவளை விட்டுப் போன கைக்குக் கிடைத்திருக்கிறது! இத்தனை வருட அனுபவம், இத்தனை ஊர், இத்தனை மருத்துவமனை, கடைசியில் அலமாரிச் சாவி அதனிடம். கோபத்தில் கணவரிடம் கத்தினாள். “அது எங்கிட்ட இருந்து கத்துக்கிட்டதுதானே?” என்றாள். “கத்துக்கிட்டது உங்கிட்ட. இருந்தது அங்க” என்றார் அவர், குரலை உயர்த்தாமல். அவள் இரவெல்லாம் யோசித்து, கையைத் திரும்பக் கூட்டிவந்துவிடுவது என்று முடிவெடுத்தாள். ஏஜென்சியில் கேட்டு அதே மருத்துவமனைக்கு ஒப்பந்தம் வாங்கினாள்.

துறைத் தலைவரின் மேசையில், மடித்த துண்டின்மேல் அது உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் வயதாகியிருந்தது, நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன, அவள் சிறுவயதில் வாங்கிய தழும்பு அப்படியே இருந்தது. “வீட்டுக்குப் போலாம், வா” என்றாள். கை ஆள்காட்டி விரலால் சுவரைக் காட்டியது. அங்கே பலகையில் நோயாளிகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. சரி, பிறகு பார்ப்போம் என்று வேலையைத் தொடங்கினாள். வலது பக்கம் கை, இடது பக்கம் அவள். ஒரே நோயாளியை இருவரும் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை காலம் பாதியாக வேலை பார்த்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது, அதிர்ந்துபோனாள். ஆனாலும் பழக்கம் விடவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை பெட்டியைக் கட்டிவிட்டு, “வரியா, இல்லையா?” என்று கடைசித் தடவையாகக் கேட்டாள்.

கை பேனாவை எடுத்தது. நிரந்தரப் பணி நியமனத் தாளை இழுத்து, துறைத் தலைவர் கையொப்பமிடும் இடத்தில் எழுதியது. பிறகு மெல்ல நகர்ந்து, ஊழியர் கையொப்பமிடும் இடத்திலும் அதையே எழுதியது. அவளுடைய கையெழுத்து, வங்கி இன்றுவரை ஒப்புக்கொள்ளும் ஒரே கையெழுத்து. தாளைப் பதிய வந்த கணக்கர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நியமித்தவரும் நியமிக்கப்பட்டவரும் ஒரே ஆள். “இது செல்லாதுன்னு சொல்லுங்க சார்” என்றாள் அவள், பெட்டியை விடாமல். அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “ஊழியர் தன் கைப்பட எழுதணும்னு இருக்கும்மா. உங்க கைதானே?” என்றார். அவள் சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. ஒரே கை என்பதால், கண்ணைத் துடைக்கப் பெட்டியைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

கணவருக்குப் போன் செய்தாள். “சம்பளம் எவ்வளவு?” என்றார். “பாதி.” “கை?” “மேலதிகாரி.” அவர் தன் கருவிப்பெட்டியை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு, “அங்க லிஃப்ட் இருக்குல்ல?” என்றார்.

கை மணிக்கட்டில் திரும்ப ஒட்டவில்லை. அதை அவளும் கேட்கவில்லை. அலமாரிச் சாவியில் ஒன்று இப்போது அவளிடம் இருக்கிறது, பூட்டுக்காரர் செய்து கொடுத்தது. மாலை வேலை முடிந்ததும் கை மேசை விளக்கை அணைத்துவிட்டு அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொள்ளும். அப்படியே பேருந்து ஏறி, கணவரும் வந்து சேர்ந்த புது வீட்டுக்குப் போவார்கள். ஆரம்பத்தில் எத்தனை டிக்கெட் கிழிப்பதென்று நடத்துநர் தடுமாறினார். இப்போதெல்லாம் ஒன்றுதான் கிழிக்கிறார்.