பாதியில் பாதி

முதுகுவலிக்காக எலும்பு ஸ்கேன் எடுக்கப் போன கணவரின் கையில் ஊசி போட்டுவிட்டு, டெக்னீஷியன் விளக்கினார்: "இது டெக்னீசியம். மண்ணைத் தோண்டி எடுக்கிற சரக்கு இல்ல, மனுஷன் செஞ்சது. கதிர்வீச்சு உண்டு. ஆனா ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாயிடும். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கைக்குழந்தையைத் தூக்காதீங்க."

கணவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சோம்பேறி கையில் அறிவியல் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் ஹாலின் கோடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, டயப்பர் மாற்ற முடியாது, துணி காயப்போட முடியாது, பாத்திரம் கழுவவே முடியாது என்று அறிவித்தார். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் தானே செய்தாள்.

நாலாம் நாளும் அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"ஒரு நாள்தானே சொன்னாங்க?" என்றாள்.

"கணக்கு தெரியாமப் பேசாதே. பாதியாகும், அப்புறம் அதுல பாதியாகும். எப்பவும் கொஞ்சம் மிச்சம் இருந்துகிட்டேதான் இருக்கும்."

அன்று மத்தியானம் அவர் தட்டில் பாதிச் சோறுதான் விழுந்தது. ராத்திரி அதில் பாதி. மறுநாள் காலையில் அதிலும் பாதி. மத்தியானம் கரண்டி நுனியில் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டாள்.

"என்ன இது?" என்று அவர் தட்டைக் காட்டினார்.

"பயப்படாதீங்க. எப்பவும் கொஞ்சம் மிச்சம் இருந்துகிட்டேதான் இருக்கும்."

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். தொட்டியில் ஒரு கரண்டிகூட மிச்சமில்லாமல் கழுவிவைத்துவிட்டுத்தான் வந்தார்.