இடது கார்டின் பெயர்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. பக்கத்து வீட்டு டார்லா ஓசியில் கொடுத்த அமெரிக்கக் கால்பந்து டிக்கெட்டில் பிறந்தது. ஒஹையோவில் இத்தனை வருடம் குப்பை கொட்டியும் மைதானத்தில் நான் பந்தைத்தான் பார்ப்பேன். அன்று எங்கள் அணி பந்தை எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்த்து டச்டவுன் ஆனதும் எல்லோரும் எழுந்து கத்தினோம். டார்லா மட்டும் எழவில்லை. குற்றம் என்று நடுவர் புல்லில் எறிந்த ஒரு மஞ்சள் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போச்சு. இப்ப மைக்குல எங்க வீட்டு ஆளு பேரைச் சொல்லுவான் பாருங்க.”

ஒலிபெருக்கி சொன்னது. டச்டவுன் ரத்து. ஊரே அவள் புருஷனைத் திட்டியது.

“அவன் பேரு காதுல விழாத நாள்தான் எங்களுக்கு நல்ல நாள்,” என்றாள். “கதை எழுதுறதா இருந்தா எழுதிக்கோங்க. பேரை மட்டும் போட்டுடாதீங்க.”

(புருஷன் பெயரைச் சொல்லாத பெண்களை நம் ஊரில் பார்த்திருக்கிறேன். ஒஹையோவில் இவள் ஒருத்திதான்.)

2.

ஆக, பெயரில்லாத கதாநாயகன். அணியில் அவன் வேலைக்குப் பெயர் கார்டு. எப்படித் தொடங்க?

“கார்டு என்பவன்…” ம்ஹும். ரேஷன் கார்டு வந்து நிற்கிறது.

“காவலன் களத்தில் இறங்கி…” ராஜா ராணிக் கதை.

“காவலாளி…” ஏடிஎம் வாசல்.

அலுத்துவிட்டது. நேராகவே சொல்கிறேன். பந்து வீசுகிறவனுக்கு முன்னால் ஐந்து தடியன்கள் சுவராக நிற்பார்கள். நடு ஆள் பந்தைப் பின்னால் கொடுப்பான். அவனுக்கு இரண்டு பக்கமும் நிற்பவர்கள் கார்டுகள்; இடது பக்கத்துக்காரன் நம் ஆள். பந்தைத் தொடும் பாக்கியம் அவர்களுக்குக் கிடையாது. பாய்ந்து வருகிறவனை நெஞ்சில் கையூன்றி நிறுத்தவேண்டும். தாண்டிப் போகிறவனைச் சட்டையைப் பிடித்து இழுத்தால் குற்றம்: துணி விழும், பெயர் ஒலிக்கும். ஒழுங்காக வேலை செய்தால் ஒரு நாயும் சீண்டாது.

3.

இனி வருவதெல்லாம் கற்பனை. (டார்லா படித்தால் என்னைச் சும்மா விடமாட்டாள்.)

ஆட்டத்துக்கு முந்தின நாள் காலை. அவன் முட்டியில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு முட்டை தின்றான். டார்லா காபியை ஊற்றினாள்.

“டிவில பாத்தேன். நீ குனிஞ்சு நிக்கிறப்ப உன் பின்பக்கம் இறங்கினா பந்தை வீசப்போறீங்க. ஏறினா தூக்கிட்டு ஓடப்போறீங்க. எனக்கே தெரியுது, எதிர்ல நிக்கிறவனுக்குத் தெரியாதா?”

“நீ என் பின்பக்கத்தையே பன்னெண்டு வருசமா பாக்குறவ. அவன் நாளைக்குத்தான் பாப்பான்.”

“ஜோக்கடிக்காத. முட்டி தாங்கல, அதானே?”

அவன் முட்டையைக் கிளறினான்.

“தாங்கல. கோச் நேத்து கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. இன்னொரு துணி விழுந்தா லாக்கரைக் காலி பண்ணிட்டு வீட்டுக்குப் போயிடுன்னு.”

“அப்ப யார் சட்டையையும் தொடாத.”

“தொடலன்னா கார்பினை நசுக்கிடுவானுங்க.”

கார்பின், பந்து வீசுகிறவன். போன மாதம் தலையில் அடிபட்டு எழுந்து, இது எந்த ஊர் என்று இவனிடம்தான் கேட்டான். இன்னோர் அடி தாங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

“அவனைப் பாத்துக்க அவனுக்கு அம்மா அப்பா இருக்காங்க,” என்றாள் டார்லா. சொன்ன உடனே அவளுக்கே கசந்தது. ஐஸ் பையை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

4.

கடைசி ஆட்டம், கடைசி வீச்சு. எதிரில் நின்ற புதுப் பையன் இவன் பின்பக்கம் இறங்குவதைப் பார்த்துச் சிரித்தான்.

“பந்தை வீசப்போறீங்கதானே பெருசு?”

டார்லா சொன்னது பலித்துவிட்டது. பந்து பின்னால் போனது. பையன் ஒரு பக்கம் ஏய்த்து மறுபக்கம் புகுந்தான். இவன் முட்டி திரும்ப மறுத்தது. கார்பின் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். பையனின் சட்டை நுனி இவன் விரல்களில் சிக்கியது. மேலே பார்வையாளர் வரிசையில் டார்லா வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் கையை

5.

இங்கேயே நாலு நாளாக நிற்கிறேன்.

ஒரு முடிவில், அவன் பிடித்தான். கார்பின் நிம்மதியாக வீசினான், டச்டவுன், ஊரே எழுந்தது. பிறகு துணி. ஒலிபெருக்கிக்காரன் வாயைத் திறந்ததும் அந்த முடிவைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

இன்னொன்றில், விட்டான். துணி விழவில்லை, பெயர் ஒலிக்கவில்லை. டார்லா கேட்ட நல்ல நாள். கார்பின் புல்லில் கிடந்தான். இவன் குனிந்து, “இது எந்த ஊர்னு சொல்லு தம்பி,” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அதையும் அடித்துவிட்டேன்.

[மூன்றாவது: சட்டையைத் தொடாமலே நெஞ்சைக் கொடுத்து நிறுத்தினான். அந்த முட்டியோடா? போங்கய்யா.]

நான் ஓய்ந்துவிட்டேன். சட்டை இன்னும் அவன் விரலில்தான் இருக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இறுக்கிப் பிடித்தான் என்றால், இந்தக் கோட்டின் மேல் அவன் பெயரை நீங்கள்தான் எழுதவேண்டும். டார்லா மேலே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்:

____________

விட்டுவிட்டான் என்றால், வெற்றாகவே கிடக்கட்டும். எனக்கு எழுதவும் கை வரவில்லை, விடவும் கை வரவில்லை.