தறப்பாள் போட்ட தடாகம்

இப்பத்தைய ஆக்களுக்கு ஒரு குணம். தண்ணியைத் திறந்து வைப்பார்கள், குடிக்க ஏதாவது வந்தால் கோபம் வரும். ஓமந்தைப் பக்கத்துக் குளமெல்லாம் ஆவணி வெயிலில் வெடித்துக் கிடக்கிறது. மாடே தண்ணிக்கு அலைகிறது. அதற்குள் எங்கள் வீட்டு வளவின் பின்பக்கம் நீலக் கல் பதித்து ஒரு நீச்சல் தடாகம். தேனீ வராமல் வேறென்ன செய்யும்?

தடாகம் என் மருமகனுடையது. ஜனார்த்தனன். சுவிசில் லொறி ஓடி ஓடி முதுகைக் கெடுத்துக்கொண்டவர். நீந்தினால்தான் முதுகு நிமிரும் என்று அங்கத்தைய டொக்டர் சொன்னாராம். போன தைப்பொங்கலோடு அவரும் என் மகள் கஜேந்தினியும் இனி இங்கேதான் என்று வந்து சேர்ந்தார்கள். என் வீட்டுத்திட்ட வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய பெரிய வீடு. மனுசி செத்த பிறகு நான் தனியே சமைத்துத் தின்றவன். மகள் வந்த பிறகு, கூப்பிட்டால் ஓம் என்று சொல்ல ஒரு ஆள் இருந்தது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவள் நின்றால் போதும்.

வெயில் ஏற ஏற, வேலியோரப் பாலை மரப் பொந்தில் இருந்த தேனீ முழுக்கத் தடாகத்தில்தான். ஒரு நாள் மருமகனின் இமையிலும் உதட்டிலும் கொட்டிவிட்டது. முகம் பூசணிக்காய் மாதிரி. வவுனியா ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கூட்டி வந்தோம்.

"மாமா, இந்தப் பூச்சி போகாட்டி நாங்கள் இஞ்ச இருக்கேலாது" என்றார் கட்டிலில் கிடந்தபடி.

மகள் அவருடைய முகத்துக்கு ஐஸ் ஒற்றிக்கொண்டிருந்தாள். அவர் சொன்ன 'நாங்கள்' என்றதுக்குள் அவளும் இருந்தாள்.

பக்கத்துக் காணிப் பொன்னையா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "குளம் கட்டினவனே குளத்துக்குள்ள இறங்கப் பயப்பிடுறான். பொந்துக்கு ஒரு பந்தத்தைக் கொளுத்திப் பிடியடாப்பா."

"பிடிக்கலாம். மரம் பத்தி, உன்ர வைக்கோலும் பத்தட்டோ?"

அதோடு அவன் போய்விட்டான்.

மகள்தான் அரசாங்க விவசாயக் கந்தோரில் இருந்து ஸாஜிதா என்று ஒரு பிள்ளையைக் கூட்டி வந்தாள். எனக்குக் கந்தோர்க்காரரில் நம்பிக்கை இல்லை. வருவார்கள், படம் எடுப்பார்கள், போவார்கள்.

"ஐயா, கலைச்சால் திரும்பி வரும். பழகின தண்ணியை அது லேசில விடாது" என்றாள். "தடாகத்தை மூடிப்போட்டு, கரையில ஒரு தாச்சிச் சட்டியில தண்ணி வையுங்கோ. கல்லும் துளி உப்பும் போடுங்கோ. அதில குடிக்கப் பழகின பிறகு, தாச்சியைக் கொஞ்சம் கொஞ்சமா மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போங்கோ."

"உப்பு எதுக்குப் பிள்ளை, கறி வைக்கவோ?"

"ருசி இல்லாமலோ உங்கட மருமகன்ர மருந்துத் தண்ணிக்கு வருது?"

"பூச்சியை ஆட்டுக்குட்டி மாதிரிக் கூட்டிக்கொண்டு போகலாம் எண்டு உங்களுக்குப் படிப்பிச்சவையோ?"

"ஓம் ஐயா. நீங்கள் நம்பாட்டியும் பரவாயில்லை, தண்ணியை வத்த விடாதேங்கோ."

நம்பவில்லை. ஆனாலும் செய்தேன். தறப்பாள் இழுத்துக் கட்ட எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. சண்டைக்கு இடம்பெயர்ந்து திரிந்த வருசங்களில் எத்தனையோ இடத்தில் தலைக்கு மேல் கட்டியிருக்கிறேன். தண்ணிக்கு மேல் கட்டினது இதுதான் முதல்தரம்.

முதலில் அவை தறப்பாளுக்கு மேல் சுற்றிச் சுற்றிப் பறந்தன. என் பிடரியிலும் கொட்டின. பிறகு ஒன்று தாச்சிக் கல்லில் இருந்து குடித்தது. மற்ற நாள் தாச்சி தேனீயால் கறுத்துப்போய்க் கிடந்தது. வெயிலுக்குள் கதிரையைப் போட்டுக்கொண்டு தண்ணி விட்டேன். பொழுதுபட்டு அவை போன பிறகு தாச்சியைக் கொஞ்சம் இழுத்து வைப்பேன். அப்படியே தோடை மரம், வேலி, கடைசியாகப் பாலையடி.

தறப்பாளை அவிழ்த்தேன். தண்ணியில் ஒரு தேனீயும் இல்லை.

"இறங்குங்கோ தம்பி. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

மருமகன் இறங்கினார். அந்தத் தலைப்புக்கும் இந்தத் தலைப்புக்கும் நீந்தினார். ஏறி வந்து துவாயைப் போர்த்துக்கொண்டு கரையில் குந்தினார். உடம்பு காய்ந்த பிறகும் எழும்பவில்லை.

"முதுகு எப்பிடி?"

"சுகம் மாமா." வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"அப்பா, நாங்கள் திரும்பிப் போகப்போறம்."

"பூச்சி போயிட்டுது, பிள்ளை."

"ஓம் அப்பா. பூச்சி போனாப்பிறகுதான் விளங்கினது, அது பூச்சியால இல்லை எண்டு."

"அப்ப எதால?"

"அவருக்கு இஞ்ச கதைக்க ஒருத்தரும் இல்லை. விடிஞ்சாலும் வேலியைப் பாக்கிறார், பொழுதுபட்டாலும் வேலியைப் பாக்கிறார். கூட லொறி ஓடின ஆக்களெல்லாம் அங்க."

"நீ?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "எனக்கும் ஏலாமல்தான் கிடக்கப்பா."

தேனீ என்றால் இன்னொரு தாச்சி வைத்திருப்பேன். இதற்கு என்னத்தை வைக்கிறது? தேத்தண்ணியைக் குடித்தேன். சீனி கூடிப்போயிருந்தது.

போகிற அன்று வான் வந்து வாசலில் நின்றது. மருமகன் தடாகத்துக்குப் போடுகிற மருந்து வாளியை என் கையில் தந்தார்.

"தண்ணி மாத்தத் தேவையில்லை மாமா. இதைக் கரைச்சு விட்டால் காணும். வாற ஆடிக்குக் கட்டாயம் வருவம்."

"ஆடிக்கோ?"

"சத்தியமா மாமா."

"பாப்பம்."

மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வான்காரன் கோன் அடித்தான். வாளியை அந்த இடத்திலேயே வைத்துவிட்டு என் வீட்டுப் பக்கம் நடந்தேன்.

"அப்பா, வருவமப்பா!" என்று பின்னால் கத்தினாள்.

நான் திரும்பவில்லை. அந்தச் சத்தம் அவளே அதை நம்பின மாதிரி இல்லை.