அத்தை பையனின் மஞ்சள் கயிறு

மொட்டை மாடிக் கொடியில் என் துண்டுக்கும் சேந்தனின் சட்டைக்கும் நடுவே ஒரு மஞ்சள் கயிறு காய்கிறது, ஈரம் சொட்டச் சொட்ட என் வெள்ளைத் துண்டின் ஓரம் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது, மனிதகுலத்தில் கல்யாண ஆசையை அடியோடு வென்ற முதல் ஆள் நான்தான் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன், புத்தர்கூடக் கட்டிப் பார்த்த பிறகுதான் கிளம்பினார், நான் பார்க்காமலே கிளம்பியவன், மண்டபம், வீடியோக்காரர், சாம்பாருக்குக் கோபித்துக்கொள்ளும் பெரியப்பா, மூன்று முடிச்சு, எதுவும் நமக்கு வேண்டாம் என்று வீட்டுக்குள் சட்டம் போட்டவனும் நானே, அதனால்தான் தீர்ப்பு வந்த அன்று, ஆணும் ஆணும் செய்துகொள்ளும் கல்யாணத்துக்கு இப்போதைய சட்டத்தில் இடமில்லை என்று டீவியில் சொன்னபோது, தப்பிச்சோம்டா என்றேன், சேந்தன் சிரிக்கவில்லை, எழுந்துபோய்க் குக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றான், அதற்கு முந்தைய மழைக்காலத்தில் எனக்குக் குடல்வால் அறுத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றதும் அப்படித்தான், சொந்தக்காரங்க யாருங்க என்று நர்ஸ் கேட்டதும் ஒரு அடி பின்னால் நகர்ந்தவன், நாகர்கோவிலிலிருந்து என் அண்ணன் வந்து கையெழுத்துப் போடும்வரை நகர்ந்தே நின்றான்.

கயிறு யாருக்கு, அதுதான் கேள்வி, ஆடி பிறந்ததிலிருந்து இரண்டு தடவை முசிறிக்குப் போய் வந்துவிட்டான், அம்மாவைப் பார்க்கவாம், போனைக் கவிழ்த்து வைக்கிறான், நான் வந்தால் பேச்சை முடிக்கிறான், ஆவணி பிறந்தால் முகூர்த்தங்கள், கணக்கு சரியாக வருகிறது, போதாததற்குக் கீழ்வீட்டு ஓனரம்மா செண்பகம் படியில் என்னை நிறுத்தி, உன் அத்தை பையன் மஞ்சக்கயிறு நல்லதா எங்க கிடைக்கும்னு என்கிட்டயே கேட்டுச்சுப்பா, பொண்ணு பாத்தாச்சா என்றாள், அத்தை பையன் என்பது நான் செய்த கோளாறு, ஃபேமிலிக்கு மட்டும்தான் வீடு என்று அன்றைக்கு அவள் சொன்னபோது சித்தப்பா பையன் என்றிருக்க வேண்டும், வாயில் வந்தது அத்தை பையன், அடடா, ரெண்டுல ஒண்ணு பொண்ணாப் பொறந்திருந்தா முறையாச்சே என்று வருத்தப்பட்டபடி சாவியைக் கொடுத்தாள், கண்ணை மூடினால் மண்டபம், மேடையில் சேந்தன், பக்கத்தில் முகமில்லாத பெண், நான் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், மாப்பிள்ளைக்கு நீங்க என்ன வேணும் என்கிறார் பரிமாறுகிறவர், மாமா பையன் என்கிறேன், இலை ஓரத்தில் உப்பு வைத்துவிட்டு நகர்கிறார், உப்பும் மஞ்சளாக இருக்கிறது.

சேந்தன் மாடிக்கு வருகிறான், கயிற்றை உருவி இடது மணிக்கட்டில் சுற்றுகிறான், ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுக்கிறான், வழுக்குகிறது, பொண்ணு பேரு என்னடா என்றேன், நிமிர்ந்தான், எந்தப் பொண்ணு, பிறகு என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு கயிற்றை வாயிலிருந்து எடுத்தான், இன்னிக்கு ஆடிப்பெருக்குடா, எங்கம்மா வருஷா வருஷம் ஆத்தங்கரையில தாலிக்கயிறு மாத்தும், எனக்கு மாத்த ஒண்ணும் இல்ல, நீ கிண்டல் பண்ணுவ, அதான் நானே கட்டிக்கலாம்னு பாத்தேன் என்றான், கயிறு நனைக்க மஞ்சள் பதம் என்னவென்று போனில் அம்மாவிடம் கேட்டானாம், யாருக்குடா என்றாளாம், எனக்குத்தான் என்றானாம், மஞ்சளைக் கெட்டியாக் குழைச்சுக்க என்று மட்டும் சொன்னாளாம், சொல்லிவிட்டு மறுபடியும் பல்லால் கடித்தான், மறுபடியும் வழுக்கியது.

ஒத்தக் கையால முடிச்சு விழாதுடா, கொடு என்றேன், நல்ல ஜோக் ஒன்று வாய்வரை வந்தது, முழுங்கிவிட்டேன், ஒன்று, இரண்டு, மூன்றாவதை மெதுவாகத்தான் இறுக்கினேன், அவன் என் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் துணி எடுக்க மாடிக்கு வந்த செண்பகம் கொடியைப் பார்த்துவிட்டு நிற்கிறாள், நேத்துதானே ஒண்ணு காஞ்சுது, இது யாருக்குப்பா என்கிறாள், எனக்குத்தான் என்கிறேன், கயிற்றிலிருந்து ஈரம் சொட்டுகிறது, துண்டின் இன்னொரு ஓரமும் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது, நகர்த்திப் போடவில்லை.