மூணாவது கூப்பாடு

நடுச்சாமத்தில் கரியன் மறுபடியும் கதவண்டை நின்றான். கண் திறந்துதான் இருந்தது, ஆள் மட்டும் தூக்கத்தில். சாலம்மாள் பாய்ந்துபோய்ப் புருஷனின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"எங்க மாமா போற?"

"செல்லன் பதில் சொல்லல. போய்ப் பாத்துட்டு வரேன்" என்றான், சந்தைக்குக் கிளம்புகிறவன் மாதிரி.

செல்லன் செத்து ரெண்டு மாசமாகிறது. பதில் சொல்லவில்லையாம், பதில்!

வத்தல்மலையில் சாமை கதிர் பிடித்துவிட்டால் ஆம்பளைகளுக்கு வீடு கிடையாது. பன்றிக்குக் காவலாகப் பரண்மேல்தான் ராத்திரி. பக்கத்துப் பக்கத்துப் பரண்காரர்கள் விடிய விடிய ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். "மச்சான்... ஓய்!" என்று ஒருவன் கூவினால் "இருக்கேன்!" என்று அடுத்தவன் சொல்லவேண்டும். மூணு தடவை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால், கூப்பிட்டவன் பந்தம் கொளுத்திக்கொண்டு போய்ப் பார்த்தே தீரவேண்டும். கண்ணசந்திருப்பான் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. கரியனும் செல்லனும் எத்தனையோ வெள்ளாமையை அப்படிக் கூவிக் காத்தவர்கள். அந்த ஐப்பசி ராத்திரியும் மூணு தடவை கூப்பிட்டுவிட்டுத்தான் கரியன் போனான். செல்லன் பரண்மேல் உட்கார்ந்தபடியே விறைத்திருந்தான். பாம்போ, மாரடைப்போ, யார் கண்டது.

அறுப்பு முடிந்து கரியன் வீட்டில் படுக்க வந்த நாள்முதல் இந்தக் கூத்துதான். பாயில் கிடந்தபடியே கூவுவான். மூணாவது கூப்பாட்டுக்கும் பதில் வராவிட்டால் எழுந்து நடப்பான். செல்லனின் பரணோ பள்ளத்து விளிம்பில் இருக்கிறது. ஒரு விடிகாலையில் அங்கே கால்விரல் அந்தரத்தில் நீட்டியிருக்க நின்றவனைச் சாலம்மாள்தான் இழுத்து வந்தாள். இன்னொரு அடி வைத்திருந்தால் அவள் தாலி அன்றே போயிருக்கும்.

செய்யாத வைத்தியமா? பாப்பாரப்பட்டி வைத்தியர் சொன்னாரென்று உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தாள். கசகசாவைப் பாலில் அரைத்துக் கொடுத்தாள். தலைமாட்டைத் திசை மாற்றிப் போட்டாள். தீர்த்தமலைத் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லித் தெளித்தாள். கடைசியில் கதவுக்குக் குறுக்கே உலக்கையைக் கொடுத்தாள். பாவி மனுசன், தூக்கத்திலேயே அதைச் சத்தமில்லாமல் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனான். பகலில் ஏர் பிடித்துக்கொண்டே தூங்கி விழுந்தான்.

ஒரு ராத்திரி அவளுக்கே வெறுத்துப்போனது. அவன் "மச்சான்... ஓய்!" என்றதும் தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு, "இருக்கேன்!" என்று போட்டாள். அவ்வளவுதான். பெருமூச்சு விட்டுப் புரண்டு படுத்தவன் விடியும்வரை குறட்டை விட்டான். அட, இதற்கா இத்தனை பாடு! வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவளுக்கு அப்புறம் அழுகை வந்துவிட்டது.

அதிலிருந்து தினமும் அவள்தான் செல்லன். கரியன் கன்னத்தில் சதை பிடித்தது.

"நல்ல தூக்கம் புள்ள. செல்லன் நல்லாத்தான் இருக்கான், கனாவுல பேசறான்" என்பான் காலையில். அவள் வாயைத் திறக்கமாட்டாள். சொன்னால் வந்த தூக்கமும் போய்விடுமே! அவன் கூப்பாட்டுக்காகக் காத்துக் காத்து இப்போது அவளுக்குத்தான் பொட்டுத் தூக்கம் இல்லை.

தை மாசக் குளிரும் தினம் இழுத்த கட்டைக்குரலும் சேர்ந்து ஒருநாள் அவள் தொண்டையை அடைத்துவிட்டன. மிளகுக் கஷாயம் குடித்தும் குரல் வரவில்லை. அன்று ராத்திரி அவன் கூப்பிட்டான். வாயைத் திறந்தாள், வெறும் காற்று. இரண்டாவது தடவை கூப்பிட்டான். உலுக்கினாள், கிள்ளினாள், எழவில்லை. மூணாவது தடவை கூப்பிட்டுவிட்டுப் பாயிலிருந்து கால் ஊன்றினான்.

வெளியே பள்ளத்துப் பக்கமிருந்து பதில் வந்தது.

"இருக்கேன்!"

கரியன் படுத்துக்கொண்டான். சாலம்மாள் கதவுக்குக் குறுக்கே உலக்கை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.

விடிந்ததும் செல்லன் பெண்சாதி பழனியம்மாளிடம் ஓடினாள். ராத்திரி யாராவது அந்தப் பக்கம் போனார்களா என்று ஜாடையும் மூச்சுமாகக் கேட்டாள்.

"யாருடி போவாங்க? ஆம்பளைங்க எல்லாம் புளி தூக்கிக்கிட்டு காரிமங்கலம் சந்தைக்கு எறங்கிட்டாங்க. உம் புருசன் ஒருத்தன்தான் ஊர்ல. நான் அந்தப் பரண் பக்கமே தலைவெச்சுப் படுக்கறதில்ல."

அன்று ராத்திரி கரியன் கூப்பிடவே இல்லை. நிம்மதியான தூக்கம், மூச்சு சீராக ஏறி இறங்கியது. போகட்டும், செல்லனே வந்து பதில் சொல்லிக் கணக்கைத் தீர்த்துவிட்டான் போல என்று அவளும் தலையைச் சாய்த்தாள்.

"மச்சான்... ஓய்!"

குரல் வெளியிலிருந்து வந்தது.

சாலம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். எத்தனை காலமாக அவள் கேட்ட செல்லன் குரல், தெரியாதா? கரியனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை இந்தப் பக்கம் விழுந்து அந்தப் பக்கம் விழுந்தது. எத்தனை எண்ணெய், எத்தனை கசகசா கொடுத்தும் வராத தூக்கம் அவனுக்கு இன்றைக்குத்தான் வந்து தொலைந்திருந்தது.

"மச்சான்... ஓய்!"

"பதில் சொல்லு மாமா, இருக்கேன்னு சொல்லு" என்று அவன் காதில் வாயை வைத்துக் கத்தினாள். அவன் காதுமயிர் அசைந்தது. அவள் தொண்டை இன்னும் திறக்கவில்லை, வெறும் காற்றுதான். சொம்பை எடுத்துத் தரையில் அடித்தாள். அவன் கடைவாயில் எச்சில் ஒழுகியதே ஒழிய இமை அசையவில்லை.

மூணாவது தடவையும் கேட்டது. அப்புறம் நாய்கூடக் குரைக்கவில்லை.

ஜெர்மன்காரன் சண்டையில் சீமெண்ணெய் மலைக்கு வராமல் மாசக்கணக்காகிறது. ஊரில் எந்த வீட்டிலும் விளக்கில்லை. அவள் கரியனின் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு கதவையே பார்த்திருந்தாள். கதவின் அடியிடுக்கில் பந்தத்தின் செம்மை தெரிந்தது. அது தரையில் ஊர்ந்து வந்து, பாயில் ஏறி, உறங்குகிறவனின் மூடிய கண்மேல் விழுந்தது.

குறுக்கே கொடுத்திருந்த உலக்கையை யாரோ சத்தமில்லாமல் எடுத்து ஓரமாக வைத்தார்கள்.